முதல் ஸ்பிரிண்ட் ட்ரையத்லான்: எங்கே தடுமாறுகிறது, எதைத் திருத்துவது

ஸ்பிரிண்ட் ட்ரையத்லான் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முதல் முறை போகிறவருக்கு ஒன்றரை மணி நேரம், முன்னே பின்னே ஆகும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மலைக்க வைக்கும் தூரம் இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துக் கோக்கும்போதுதான் கோளாறு தலைகாட்டும்.

அந்தக் கோளாறுகளுக்கு ஒரு குணம் உண்டு. வலி தெரிகிற இடத்தில் காரணம் இருக்காது, பெரும்பாலும் ஒரு கட்டம் முன்னால் இருக்கும். ஓட்டத்தில் கால் எழும்பவில்லை என்றால் சைக்கிளில் தேட வேண்டும். சைக்கிளில் வயிறு புரட்டினால் நீச்சலில் விழுங்கிய உப்புத் தண்ணீரையோ காலைச் சாப்பாட்டையோ சந்தேகப்பட வேண்டும். ஆகவே உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அதைப் படித்துவிட்டு, அதற்கு முந்தைய தலைப்பையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். சென்னைப் பக்கம் பூலிலும் கடலிலும் ஈசிஆரிலும் பயிற்சி எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கடல் பகுதியைத் தவிர எல்லாம் பொருந்தும்.

இரண்டு லெங்த் போனதுமே மூச்சு முட்டுகிறது

அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறவர்கூட 25 மீட்டர் பூலில் இரண்டாவது லெங்த் முடிவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஓடுவார். அதனால் ஒரு பயனும் இல்லை. மூச்சை இழுப்பதில் அவருக்குக் குறை கிடையாது, விடுவதில்தான் குறை.

முகம் தண்ணீருக்குள் இருக்கும்வரை மூச்சை அடக்கிவைத்துவிட்டு, தலையைத் திருப்பிய அந்த ஒரு கணத்துக்குள் பழையதை விட்டுப் புதியதை இழுக்கப் பார்க்கிறார். இரண்டுக்கும் நேரம் போதாது. பாதி மூச்சு உள்ளேயே தங்கி, கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது முக்கியமாக இந்தக் கரியமில வாயுதான். உடம்பில் ஆக்சிஜன் இன்னும் நிறையவே இருக்கும்.

நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று முகத்தை முக்குங்கள். மூக்கு வழியாகச் சன்னமாக, விடாமல் குமிழி வரட்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் இழுங்கள், மறுபடி முக்குங்கள். இப்படி இருபது தடவை பதற்றமில்லாமல் செய்ய வரும்வரை நீந்தவே வேண்டாம். வந்தபிறகு அதே தாளத்தை ஃப்ரீஸ்டைலில் கொண்டுவாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்பதே போதும். மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று கெத்து காட்டுவதெல்லாம் பிறகு.

குமிழி சரியாக வருகிறது, ஆனாலும் களைப்பு என்றால் யாரையாவது பக்கவாட்டிலிருந்து செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு தாழ்ந்து கால்கள் சரிந்து தொங்கினால், நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டு நீந்துகிறீர்கள் என்று அர்த்தம். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும். நேர் கீழே, தரையில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள். கால் அடிப்பதை அதிகமாக்கி இதைச் சரிக்கட்ட முயலாதீர்கள். பெரிய தொடைத் தசைகள் மூச்சையெல்லாம் தின்றுவிடும், அப்புறம் சைக்கிளுக்கு அந்தக் கால்கள்தான் வேண்டும்.

இதுவும் சரி என்றால் வேகம்தான் காரணம். நூறு மீட்டர் நான்கு முறை, நடுவில் 20 நொடி ஓய்வு விட்டு நீந்திப் பாருங்கள். கடைசி நூறு முதல் நூறைவிட ரொம்ப மெதுவாக இருந்தால் தொடக்கத்தைக் குறையுங்கள்.

தோள் வலித்தால்? கை தண்ணீருக்குள் நுழையும்போது கட்டைவிரல் முதலில் போகிறதா, கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறதா என்று பாருங்கள். விரல்நுனிகள் முதலில், தோளுக்கு நேர் எதிரே நுழைந்தால் வலி தணியும்.

பூலில் ஒரு கிலோமீட்டர் போகிறது, கடலில் நூறு மீட்டரில் பதறுகிறது

இது கோழைத்தனம் இல்லை. சுவர் இல்லை, கோடு இல்லை, அடி தெரியவில்லை, பக்கத்து ஆளின் கை முகத்தில் படுகிறது. மூச்சு மேலேறிக் குறுகுவது இயல்பு. அப்படிக் குறுகும்போது, மேலே சொன்ன மூச்சு விடுகிற பழக்கம்தான் முதலில் மறந்துபோகும். அதனால் இந்தப் பிரச்சினைக்கும் மருந்து பாதி பூலிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி கடலில். போட்டி தொடங்குவதற்குமுன் அனுமதிக்கும் நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முகத்தை முக்கி ஓரிரு நிமிடம் குமிழி விடுங்கள். தொடங்கும்போது கூட்டத்தின் பின்வரிசையில், ஓரமாக நில்லுங்கள். பத்து நொடி இழப்பீர்கள், நூறு உதைகள் தப்பும். முதல் நூறு மீட்டரை வெட்கமில்லாமல் மெதுவாகப் போங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதங்கள், அல்லது பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறுங்கள். எந்த நீச்சல் வகையும் செல்லும். உயிர்காப்பாளரின் படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான் பொதுவான விதி. கையை உயர்த்தினால் ஆள் வருவார்.

நெஞ்சை அழுத்துகிற வலி, படபடப்பு, கண் இருட்டுவது இவை பதற்றக் கணக்கில் சேராது. உடனே கையை உயர்த்துங்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதயத் துடிப்பு நின்ற சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு நீச்சலில் நடந்தவை. நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் சிறு வயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள், ஓடும்போது நெஞ்சு இறுகிய அனுபவம் உள்ளவர்கள் பெயர் கொடுப்பதற்குமுன் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நேராகப் போகிறோம் என்று நினைத்துக் கோணலாகப் போவது அடுத்த தொல்லை. எட்டுப் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து மிதவையைப் பாருங்கள், மூச்சைப் பக்கவாட்டிலேயே எடுங்கள். மிதவை அலையில் மறையும். அதன் பின்னால் கரையில் தெரியும் ஓர் உயரமான கட்டிடத்தையோ கோபுரத்தையோ முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. நம் கரையோரம் நீரோட்டம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் இழுக்கும். அன்று காலை எது என்று கரையில் நின்று, மிதந்து போகும் ஏதாவது குப்பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது போகிற திசைக்கு எதிர்ப்பக்கமாக மிதவைக்குக் கொஞ்சம் தள்ளிக் குறிவையுங்கள்.

பயிற்சிக்கு ஒருபோதும் தனியாகக் கடலில் இறங்காதீர்கள். அலை உடைகிற இடத்தில் எதிர்த்து நின்றால் தள்ளிவிடும், அதன் அடியில் முங்கிப் போங்கள். கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி, இழுப்பு விட்டதும் உள்ளே வாருங்கள். இன்றைக்குச் சொறி (ஜெல்லிமீன்) அதிகம் என்று மீனவர் ஒருவர் சொன்னால் அன்றைக்குப் பூலுக்குப் போய்விடுங்கள், அவருக்குத் தெரியும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு.

வெட்சூட் (உடம்பை ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது குளிர்ந்த நீருக்கானது. நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அந்தச் சூட்டில் அதைப் போட விதியே பெரும்பாலும் இடம் தராது.

நீச்சல் கண்ணாடியில் ஆவி, அல்லது தண்ணீர்

ஆவிக்கு ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி அலசிவிட்டுப் போடுங்கள், உள்பக்கத்தை விரலால் தேய்க்காதீர்கள். தண்ணீர் நுழைந்தால் பட்டையை இறுக்குவதற்குமுன் தொப்பியின் ஓரமோ முடியோ ரப்பருக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டையைத் தொப்பிக்கு அடியில் போட்டால் யாருடைய காலாவது பட்டாலும் கண்ணாடி கழன்று போகாது.

கெண்டைக்காலில் குரக்குவலி

பாதத்தை விறைப்பாக நீட்டி வேகமாக அடிப்பதால் வருவது. மல்லாந்து, விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். விட்டதும் காலை அதிகம் பயன்படுத்தாமல் கையாலேயே போங்கள்.

கரையேறியதும் தலை சுற்றுகிறது

இவ்வளவு நேரம் படுத்திருந்த உடம்பு திடீரென்று நிமிர்வதால் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. கை மணலில் தட்டும்வரை நீந்துங்கள், முழங்காலளவுத் தண்ணீரில் அவசரமாக எழுந்து தள்ளாட வேண்டாம். கடைசி 50 மீட்டரில் மட்டும் கால் அடிப்பதைக் கொஞ்சம் கூட்டினால் எழும்போது தடுமாற்றம் குறையும். முதல் இருபது அடி நடந்துவிட்டு ஓடினால் ஒன்றும் குடிமுழுகாது.

ட்ரான்சிஷனில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம்தான் ட்ரான்சிஷன். வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். ஈரக் கண்ணோடு பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். போட்டிக்குமுன் கடல் வழியிலிருந்து நடந்து வந்து, உங்கள் சைக்கிள் எத்தனையாவது வரிசை என்று இரண்டு தடவை எண்ணிப் பழகுங்கள். பளிச்சென்ற ஒரு துண்டை அருகில் விரியுங்கள்.

ஹெல்மெட்டை எல்லாவற்றுக்கும் முதலில் போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வரும்போது சைக்கிளை நிறுத்திய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். ஏறும் கோட்டுக்கு முன்னால் ஏறுவது, இறங்கும் கோட்டைத் தாண்டி இறங்குவது இரண்டுக்கும் தண்டனை உண்டு. முதல் முறை வருபவர்கள் நேரத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான், கால் வேகத்தில் இல்லை.

காலில் ஒட்டிய மணல்தான் பிறகு ஓட்டத்தில் கொப்புளமாக வரும். ஒரு பாட்டில் தண்ணீரை ஓரமாக வைத்திருந்து, நின்றபடி ஒவ்வொரு பாதத்துக்கும் பாதி பாட்டிலை ஊற்றி, விரல் இடுக்கைத் துண்டால் ஒரு தடவை துடையுங்கள். ஷூவுக்குள் முதல் நாளே பவுடர் தூவிவையுங்கள். நாடாவுக்குப் பதில் இழுபடும் எலாஸ்டிக் நாடா போட்டால் குனிந்து முடிச்சுப் போடும் வேலை மிச்சம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் வாஸ்லின் தடவாமல் கடலில் இறங்கியவர்களுக்கு, உப்பு காய்ந்தபிறகு சைக்கிளில் எரிச்சல் என்றால் என்ன என்று தெரியும்.

சைக்கிளில் முட்டி வலி, கை மரத்துப்போவது

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பிரேக் பிடிக்கிற, கியர் மாறுகிற எந்தச் சைக்கிளும் முதல் முறைக்குப் போதும். ஹைப்ரிட் போதும், மலைச் சைக்கிள் என்றால் வழுவழுப்பான டயர் மாற்றிக்கொண்டால் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் சீட் உயரம் தப்பாக இருந்தால் லட்ச ரூபாய் சைக்கிளும் முட்டியைக் கெடுக்கும்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது, அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். சரிபார்க்க, சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடல்மேல் வைத்து, பெடல் அடியில் வரும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. அதன்பின் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி லேசாக மடிந்திருக்கும். அதுதான் தொடக்க அளவு. இதிலிருந்து ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

கை மரத்துப்போனால் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து உடம்பை முன்னால் வழுக்குகிறதா என்று பாருங்கள். சீட்டைத் தரைக்கு இணையாக வையுங்கள், முழங்கையை லேசாக மடக்குங்கள். கால் இடுக்கு மரத்தால் பேடு வைத்த ஷார்ட்ஸ், அதற்குள் ஜட்டி இல்லாமல்.

எதிர்க்காற்றில் தொடை எரிகிறதென்றால் அது கியர் விஷயம். ஈசிஆரில் போகும்போது காற்று தள்ளிவிட, நமக்குத்தான் திறமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். திரும்பும்போது உண்மை தெரியும். வேகத்தைப் பார்க்காதீர்கள், பெடல் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கியரை இறக்குங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு காற்றைத் தப்பிக்கலாம் என்று தோன்றும். சாதாரணப் போட்டியாளர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் அது தடை. எத்தனை மீட்டர் இடைவெளி என்பதை அந்தப் போட்டியின் விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி பங்க்சர்

நம் சாலையோரங்களில் சீமைக்கருவேல முள் இருக்கும்வரை இதற்கு முடிவில்லை. ஆனால் ஒரே இடத்தில் இரண்டாவது முறை ஓட்டை விழுந்தால் முள் இன்னும் டயரில் இருக்கிறது. ட்யூப் மாற்றும் அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டயரின் உள்பக்கத்தை மெல்லிய துணியால் ஒரு சுற்று வழித்துப் பாருங்கள், துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள். வெளியே தலை உடைந்து போயிருக்கும், நகத்தால் பிடிக்க வராது. உள்ளிருந்து நெம்பி வெளியே தள்ள வேண்டும். பழைய ட்யூபில் உள்ள ஓட்டையை வால்விலிருந்து அளந்தால் டயரில் எங்கே தேடுவது என்று தெரியும்.

ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரட்டை ஓட்டை இருந்தால் முள் இல்லை. காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்று பிடியுங்கள். ஒரு ட்யூப், இரண்டு லீவர், ஒரு சிறு பம்ப் சீட்டுக்கடியில் இருக்கட்டும். வெளியாள் உதவி போட்டியில் கிடையாது, ஆகவே வீட்டு வராண்டாவில் நான்கைந்து தடவை நீங்களே மாற்றிப் பழகுங்கள்.

செயின் கழன்றால் பதறி இறங்க வேண்டாம். முன் கியரை மற்றப் பல்சக்கரத்துக்கு மாற்றி மெதுவாக மிதித்தால் பலமுறை தானாக ஏறிவிடும். அடிக்கடி கழன்றால் கடையில் முன் டீரெய்லரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஓடத் தொடங்கியதும் கால் மரக்கட்டை ஆகிவிடுகிறது

எல்லோருக்கும் ஆகும், பல வருடம் ஓடியவர்களுக்கும் ஆகும். சைக்கிளில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த தசைகளை உடனே உடம்பைத் தூக்கி எறியச் சொல்கிறோம். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் விட்டுவிடும். பத்து நிமிடம் கழித்தும் விடவில்லை என்றால் சைக்கிளில் அளவுக்கு மீறி மிதித்திருக்கிறீர்கள். 20 கிலோமீட்டரில் இரண்டு நிமிடம் சேமித்து, 5 கிலோமீட்டரில் நான்கு நிமிடம் தொலைப்பது முதல் முறை வருபவர்களின் வாடிக்கை.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் கியரை இறக்கி, லேசாக, வேகமாகச் சுற்றுங்கள். இறங்கியதும் குட்டையான அடிகள் வையுங்கள். இதில் ஒரு ஏமாற்று உண்டு. மணிக்கு 28 கிலோமீட்டரில் வந்தவருக்கு எந்த ஓட்டமும் ஆமை வேகமாகத் தோன்றும். தவழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டே முதல் கிலோமீட்டரைத் தன் வழக்கத்தைவிட வேகமாக ஓடித் தீர்த்திருப்பார். கடிகாரத்தைப் பாருங்கள், உணர்வை நம்பாதீர்கள்.

இதைப் பழக்குவதற்குத்தான் ப்ரிக் பயிற்சி. கடைசி ஆறு வாரம், வாரத்துக்கு ஒன்று. 15 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கிய கையோடு பத்து நிமிட ஓட்டம். நடுவில் தண்ணீர் குடித்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு ஓடினால் அது ப்ரிக் ஆகாது.

விலாவில் குத்தினால் வேகத்தைக் குறைத்து, வாயைக் குவித்து நீளமாக மூச்சை விடுங்கள். முன்கால் எலும்பு வலித்தால் ஓட்டத்தை அவசரமாகக் கூட்டியிருக்கிறீர்கள், குறையுங்கள். விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், நடந்தால்கூட வலித்தால் அதன்மேல் ஓட வேண்டாம். எலும்பு மருத்துவர் பார்க்கட்டும்.

வயிறு புரட்டுகிறது, தலை கனக்கிறது

முந்தின நாளும் அன்று காலையும் புதிதாக எதையும் சாப்பிடாதீர்கள். தொடங்குவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டு அல்லது கொஞ்சம் சட்னியோடு, ஒரு வாழைப்பழம். நெய் சொட்டும் பொங்கலும் வடையும் போட்டி முடிந்தபிறகு. தினமும் காபி குடிப்பவர் குடிக்கலாம், குடிக்காதவர் அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம்.

நீச்சல் முடிந்து சைக்கிளில் ஏறியதும் மடமடவென்று குடிக்கத் தோன்றும். முதல் ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மிடறு. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் வயிறு திருப்பி அனுப்பும்.

ஓட்டம் நம் ஊரில் எட்டு மணி வெயிலில் வந்து விழும். வியர்வை காயாத புழுக்கத்தில் வழக்கமான வேகம் வராது, வரவும் கூடாது. அந்தச் சூட்டில் உடம்பு சிலிர்த்துக் குளிர்வதுபோல் இருந்தாலோ, எந்தப் பக்கம் திரும்புவது என்று புத்தி குழம்பினாலோ ஓட்டம் அத்தோடு முடிந்தது. நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஆம்புலன்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைசி வாரத்தில் உடம்பு சோர்வு, முந்தின இரவு தூக்கமில்லை

எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்து, எரிச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் பயிற்சி கூடிவிட்டது. இரண்டு நாள் முழு ஓய்வு. பொதுவாகவே கடைசி வாரத்தில் அளவைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் சிறு துண்டுகளாகத் தொட்டுவிட்டு நிறுத்துங்கள். விட்டுப்போன பயிற்சியை அந்த வாரத்தில் ஈடுகட்ட முடியாது.

முந்தின இரவு தூக்கம் வராவிட்டால் வருந்த வேண்டாம், அதற்கு முந்தின இரவுத் தூக்கம்தான் கைகொடுக்கும். புரண்டு படுப்பதற்குப் பதில் எழுந்து பையைச் சரிபாருங்கள்: ஹெல்மெட், கண்ணாடி இரண்டு ஜோடி, துண்டு, வாஸ்லின், எண் அட்டை மாட்டும் எலாஸ்டிக் பெல்ட். நேரம் பதியும் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள், வலது பக்கம் செயின் இருக்கிறது.